நஞ்சப்பனின் எண்பது கிலோ

நஞ்சப்பன் கபடி பாடிக்கொண்டு எதிராளி பக்கம் போனான் என்றால், அவன் போனதே அவன் திரும்பி வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நான் சிரித்ததில்லை, ஏனென்றால் அப்போதெல்லாம் விசில் என் வாயில்தான் இருந்தது. நான் ஊதிய விசில் சத்தம் மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவன் ஒருவனைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அண்ணனைத் தொட்டுப்போட்டனுங்க, கோவிச்சுக்காம வெளிய போயிருங்க" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருப்பான்.

எங்கள் ஊர் செங்காட்டுப்பாளையம். வெள்ளகோவிலிலிருந்து டவுன் பஸ்ஸில் வரலாம், பஸ் வந்தால். அங்கே எனக்கு ஒரு சைக்கிள் கடை. என் பெயர் நரசிம்மலு, ஊருக்கு நாயக்கர். சைக்கிளுக்குக் காற்றடிக்காத நேரத்தில் சுற்றுவட்டாரக் கபடிக்கு நடுவராகப் போவேன். நடுவர் பொய் சொல்லக் கூடாது என்பது சட்டம். மைதானத்துக்கு வெளியே சட்டம் எதுவும் இல்லை.

நஞ்சப்பனுக்கு அந்தக் கால் எப்படி வந்தது என்பதற்கு ஊரில் பல கதை உண்டு. உண்மை ஒன்றுதான். அவன் அப்பன் பொங்கியண்ணக் கவுண்டரின் தென்னந்தோப்பில் வேலை பார்த்தார். அப்பனுக்குக் கஞ்சி கொண்டுபோகிற வேலை பையனுக்கு. தோப்பில் நாய்கள் ஐந்து. அவற்றுக்கு இவனைப் பிடிக்காது, கஞ்சியைப் பிடிக்கும். தினமும் அந்த ஐந்து வாய்க்கு நடுவே நுழைந்து, தூக்குப்போசி தளும்பாமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து பழகியவன் அவன். பின்னாளில் ஏழு பேர் கைகோத்து நின்றபோது, அவனுக்கு இரண்டு நாய் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். மூச்சைப் பற்றிக் கேட்டால், வெள்ளகோவிலில் பஸ் கிளம்பியபோது 'கபடி கபடி' என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் காங்கேயம் வரைக்கும் பாடினான். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. கேட்டால் மூச்சு விட்டு அவுட் ஆகிவிடுவான் என்று அவருக்கே பாவமாக இருந்ததாம்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் தை மாதம், சோமனூர் விசைத்தறிக்காரர்கள் ஒரு கோப்பை நடத்தினார்கள். போஸ்டர் அடித்தார்கள்: 'கொங்கு மின்னல் நஞ்சப்பன் பாடுகிறார்!' அதுவரைக்கும் அவன் ஒரு பெரிய ஆட்டமும் ஆடியதில்லை. பேப்பரில் படம் போட்டார்கள். படத்தில் தூசி மட்டும்தான் இருந்தது, கீழே அவன் பெயர் இருந்தது. அதைப் பார்த்து ஊரே, "அச்சு அசலா நம்ம நஞ்சன் மாதிரியே இருக்குது" என்றது.

கோயமுத்தூர் மில் ஒன்றின் கபடிக் கோச் சென்னகிருஷ்ணன் அந்த ஆட்டங்களைப் பார்க்க வந்திருந்தார். கட்டையான ஆள், சிரிப்பதற்கே யோசிப்பார். அரையிறுதி முடிந்ததும் நஞ்சப்பனைக் கூப்பிட்டார்.

"என்ன வேல பாக்கற?"

"தோப்புல மட்டை உரிக்கறனுங்க."

"எங்க டீமுக்கு வந்துரு. மில்லுல நெரந்தர வேல. ஆடற வரைக்கும் ஆடு, அப்பறம் மிசின்ல நில்லு. மாசம் பொறந்தா சம்பளம். ஒன்னாம் தேதி உன்ற ஆத்தா கையில குடு."

நஞ்சப்பன் என்னைப் பார்த்தான். அவன் அப்பன் மட்டை உரித்தே செத்தவர். ஆத்தா கருப்பாத்தாள் அதே கவுண்டரின் கட்டுத்தரையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். மாசம் பொறந்தா சம்பளம் என்பது அவன் வம்சத்தில் யாருக்கும் காதால் கேட்கிற விஷயம்தான்.

"பைனல்ல பாடிக் காட்டு, பேசிக்கலாம்" என்றார் கோச்.

பைனலில் பாடினான். அவன் பாடின வேகத்தில் கோடு போட்டிருந்த சுண்ணாம்பு பாதி அவனோடேயே போய்விட்டது. கடைசி ரைடில், திரும்பி வருகிற நேரம், ஐந்து பேர் மேலே விழுந்தார்கள். பச்சைத் தென்னம்மட்டையைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். அது அவன் வலது முழங்கால்.

கோயமுத்தூர் டாக்டர், உள்ளே ஜவ்வு பிய்ந்திருக்கிறது, மாவுக்கட்டு, பிறகு ஆறு மாசம் ஓடக் கூடாது என்றார். என் கடைக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு சென்னகிருஷ்ணன் போன் போட்டார். நான்தான் எடுத்தேன்.

"கார்த்திகையில செலக்‌ஷன் வெச்சிருக்கறனுங்க. அது வரைக்கும் எடத்த வேற ஆளுக்குக் குடுக்காம வெச்சிருப்பேன். கால் தேறி வரோணும். இன்னொண்ணு சொல்லிப்போடுங்க. எடை எண்பது கிலோவுக்குள்ள இருக்கோணும். ஒரு கிராம் எச்சா இருந்தாலும் கோட்டுக்குள்ள உட மாட்டாங்க, எம்பட கையில ஒண்ணும் இல்ல."

சொன்னேன். நஞ்சப்பன் சிரித்தான். "நானே எழுபத்திரண்டுதானுங்களே." எடை என்பது தனக்கு ஒரு எதிரியாகும் என்று அவனுக்கு அன்றைக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. எங்கள் ஊர் அடுப்புகளை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

ஆரம்பித்தது பொங்கியண்ணக் கவுண்டர்தான். கண்ணபுரத்து மாட்டுச் சந்தையில் யாரோ பேப்பரைக் காட்டிப் பேச, கவுண்டர் மீசையைத் தடவிக்கொண்டு, "நம்ம ஊட்டுல உண்டு வளந்த பையனுங்க" என்று சொல்லிவிட்டார். நஞ்சப்பனின் அப்பன் முப்பது வருஷம் அந்த வீட்டுக் கஞ்சியைக் குடித்தது வாஸ்தவம். குடித்தது தொண்டுப்பட்டி என்கிற மாட்டுப்பட்டி வேலிக்கு வெளியே, சொந்தப் பாத்திரத்தில். ஆனால் கவுண்டர் பொய் சொல்கிற மனுஷன் இல்லை. சொன்னது பொய்யாகக் கூடாது என்று ஊருக்குத் திரும்பியதும் அதை உண்மையாக்கக் கிளம்பிவிட்டார்.

கட்டுப் போட்ட காலோடு என் கடை பெஞ்சில் நஞ்சப்பன் உட்கார்ந்திருந்தபோது புல்லட்டை நிறுத்தினார்.

"ஏண்டா நஞ்... ஏப்பா நஞ்சப்பா, மத்தியானம் நம்ம ஊட்டுக்கு வந்துரு. எலை போடச் சொல்லியிருக்கறேன்."

நஞ்சப்பன் எழுந்துவிட்டான், ஒற்றைக் காலில். "எங்கீங்க?"

"ஊட்டுக்குள்ளதான். பொறவு எங்க, மரத்து மேலயா?"

அன்றைக்கு அவன் நேராக ஆத்தாளிடம் போனான். நானும் கூடப் போனேன், சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு. கருப்பாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "போயிட்டு வா சாமி. உங்கப்பனுக்கு அந்த ஊட்டுச் சோறு தெரியும். அந்த ஊடு உள்ளுக்குள்ள எப்பிடி இருக்கும்னு தெரியாமயே போயிட்டாரு. பாத்துட்டு வந்து சொல்லு."

பார்த்துவிட்டு வந்து சொன்னான். "பேன் மூணு ஓடுது ஆத்தா. சோத்துல ஊத்தற நெய்ய அளக்கறதே இல்ல."

அதோடு போச்சு. பொங்கியண்ணன் வீட்டில் மின்னல் சாப்பிட்டதாம், நாம் என்ன தாழ்ந்துவிட்டோமா என்று மேற்கு வீதி கிளம்பியது. மேற்கு வீதியில் சாப்பிட்டவன் கிழக்கு வீதியைத் தாண்டிப் போவதா என்று கிழக்கு வீதி. கால் சேர்வதற்கு ஆட்டுக்கால் சூப்பு, எலும்பு கூடுவதற்கு நாட்டுக்கோழி, உடம்பு தேறுவதற்கு ஒப்புட்டு, ஒப்புட்டு செரிப்பதற்கு அரிசிம்பருப்புச் சோறு. எங்கள் பக்கத்தில் ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. 'இப்பத்தான் உண்டனுங்க' என்றால் 'அதனாலென்ன, கொஞ்சூண்டு' என்பார்கள். அந்தக் கொஞ்சூண்டு எந்தப் படியாலும் அளக்க முடியாதது. அதையும் மறுத்தால் பேச்சுவார்த்தை நின்றுபோகும். தலைமுறை தலைமுறையாக வேலிக்கு வெளியே நின்ற குடும்பத்துப் பையன், உள்ளே கூப்பிட்டு இலை போட்டால், எந்த வாயால் வேண்டாம் என்பான்? கருப்பாத்தாளே மறுக்க விடவில்லை. "உண்டுட்டு வா. ஒவ்வொரு ஊட்டையும் பாத்துட்டு வா" என்றாள்.

கட்டு அவிழ்த்த பிறகும் சாப்பாடு நிற்கவில்லை. ஆடி மாதம் வெள்ளகோவில் பருத்தி மண்டித் தராசில் அவனை ஏற்றினேன். மண்டிக்காரர் முள்ளைப் பார்த்துவிட்டு, "தொண்ணூத்தி நாலு. எந்த ஊரு லோடுங்க?" என்றார்.

நஞ்சப்பன் இறங்கினான். முள் பின்னால் திரும்பியதைப் பார்த்துவிட்டு, "நாயக்கருங்க, நாளைக்கு வெடியால இருந்து ஓடப் போறனுங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ஊருக்குத் தெற்கே ஒரு அணை உண்டு. கட்டின நாள் முதல் அதில் தண்ணீர் நின்றதில்லை. ஓடுவதற்கு அதைவிட நல்ல மைதானம் அரசாங்கத்தால் கட்ட முடியாது. விடிவதற்கு முன்னால் அணைக்குள் இறங்கிவிடுவான். முழங்காலுக்கு என் கடையில் பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி இறுக்கச் சுற்றிவிடுவேன். முன்னால் ஓடுவான், அதைவிட அதிகம் பின்னால் ஓடுவான். தொட்டுவிட்டுத் திரும்புவதில்தான் ஒரு ரைடரின் வாழ்வும் சாவும். முதல் வாரம் நொண்டி விழுந்தான். விழுந்த இடத்தில் கோடு கிழித்து, மறுநாள் அதைத் தாண்டி விழுந்தான். ஆவணியில் விழுவதை நிறுத்திவிட்டான்.

கால் தேறிவிட்டது. எடைதான் லேசில் இறங்கவில்லை. காலையில் அணையில் கரைத்ததை மத்தியானம் வீதியில் ஏற்றிவிடுவார்கள். வயிறு சரியில்லை என்றான், வயிற்றுக்கு என்று மிளகு போட்ட கோழிச்சாறு வந்தது. புரட்டாசி விரதம் என்றான், விரதக்காரனுக்கு என்று கச்சாயமும் எள்ளுருண்டையும் வந்தன, சோற்றைவிடக் கனமாக. கடைசியில் வீதியையே மைதானமாக நினைத்து, மூச்சைக் கட்டிக்கொண்டு கபடி பாடிக்கொண்டே இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடிப் பார்த்தான். பாதி வீதி தாண்டினான். பொங்கியண்ணக் கவுண்டரின் சம்சாரம் சென்னியம்மாள் வாசலில் நின்றிருந்தார். கையை நீட்டினாரோ இல்லையோ, மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"ஏங்கண்ணு, இந்த வேகாத வெயில்ல எங்க ஓடற? ஒரு வாய் உண்டுட்டு ஓடு."

அந்த வருஷம் தமிழ்நாட்டில் அவனை ஒற்றைக் கையால் பிடித்த ஒரே ஆள் அந்த அம்மாள்தான். நடுவர் என்ற முறையில் சொல்கிறேன், பிடி சுத்தம்.

ஐப்பசி பிறந்தது. எண்பத்தெட்டில் நின்றான். செலக்‌ஷனுக்கு ஒரு மாதம்தான் பாக்கி. அப்போதுதான் பொங்கியண்ணக் கவுண்டர் புது வீடு கட்டி முடித்துப் புதுமனை புகுவிழா வைத்தார். கீழே மொசைக், மேலே மொட்டை மாடி. பெண்ணைக் கொடுத்த இடம் உடுமலைப்பேட்டையில் பெரிய தேங்காய் வியாபாரி, லட்சுமணசாமிக் கவுண்டர். அந்தச் சம்பந்தியும் ஒறம்பரைச் சொந்தக்காரர்களும் வேனில் வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் முதல் பந்தியில், சம்பந்திக்குப் பக்கத்து இலையில், மின்னல் நஞ்சப்பன் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கவுண்டர் ஏற்பாடு.

முதல் நாள் நஞ்சப்பன் கடைக்கு வந்தான்.

"போகாம இருந்துருடா" என்றேன்.

"போகாம இருந்தா நாளைக்கு இன்னொரு ஊட்டுல கூப்பிடுவாங்க. நானு ஊரூரா ஒளிஞ்சுட்டுத் திரிய முடியுங்களா? இன்னும் எட்டுக் கிலோ எறங்கோணுமுங்க. போறேன். ஆனா ஒரு வாய் சோறு உங்க மாட்டேன்."

"எலை போட்டு உக்காந்துட்டு உங்காம எந்திரிச்சா, புது ஊட்டுல அது அபசகுனம்பாங்க. வெட்டிப்போடுவாங்க."

"எலை காலியா இருக்காதுங்க" என்றான். அதற்கு மேல் சொல்லவில்லை. எதிராளி பக்கம் போவதற்கு முன் நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிடுவானே, அந்த முகம்.

மறுநாள் நானும் முதல் பந்தியில் இருந்தேன், எதிர் வரிசையில். நீளமான ஹாலில் ஜமுக்காளம் விரித்து இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்து, உப்பு வைத்து, சோறும் பருப்பும் நெய்யும் விழுந்துவிட்டன. பொங்கியண்ணக் கவுண்டர் நடுவில் நின்று, "ஏனுங் சம்பந்தி, இவன்தானுங்க நான் சொன்ன பையன். நம்ம ஊட்டுல உண்டு வளந்தவன்" என்றார். லட்சுமணசாமிக் கவுண்டர் தலையாட்டினார். சாதுவான மனுஷன், காதில் கடுக்கன்.

நஞ்சப்பன் எழுந்து நின்றான். பின்கட்டுப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டான்.

"ஆத்தா! கையக் கழுவிட்டு இங்க வா. எலை போட்டிருக்குது."

கருப்பாத்தாள் விடியற்காலையிலிருந்து பின்னால் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுப் பின்வாசல் வரைக்கும் வந்து நின்றாள், கையில் சாம்பலோடு. படியை ஏறவில்லை.

"அங்கயே நில்லு கருப்பாத்தா" என்றார் கவுண்டர். பிறகு குரலை இறக்கி, "என்றா இது?" என்றார்.

"எனக்கு அடுத்த மாசம் எடை பாக்கறாங்கங்க. எண்பதுக்கு மேல போனா மில்லு வேல இல்லீங்க. ஒரு வாய் உண்டாலும் நானு கெட்டேன். புது ஊட்டுல போட்ட எலை சும்மா கெடக்கக் கூடாதுங்க. எனக்குப் பதலா எங்கம்மா உக்காந்து உங்கட்டுமுங்க."

பரிமாறுகிறவர்கள் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார்கள். கவுண்டரின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. பங்காளி ஒருவர் இலையை விட்டு எழுந்திருக்கப் பார்த்தார். அப்போது லட்சுமணசாமிக் கவுண்டர் வாய் திறந்தார்.

"ஏனுங் சம்பந்தி, பையன் உங்கூட்டுல உண்டு வளந்தவன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? பையன் இங்க வளந்தான்னா, பெத்தவிய மட்டும் எங்கீங்க வளந்திருப்பாங்க? வரச் சொல்லுங்க, சோறு ஆறுது."

இதை அவர் வெகுளியாகச் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. முகத்தைப் பார்த்தால் தேங்காய் விலை சொல்கிற மாதிரி இருந்தது.

எல்லோருக்கும் முன்னால் அசைந்தது சென்னியம்மாள். பருப்பு வாளியோடு நின்றிருந்தவர், வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போனார். "வா கருப்பாத்தா. எலை போட்டாச்சு, நெய்யும் ஊத்தியாச்சு. சும்மா கெடந்தா ஊட்டுக்கு ஆகாது" என்றார். சோறு வைத்த இலை சும்மா கிடப்பதை அந்த அம்மாளால் பார்க்க முடியாது. அதற்கு முன்னால் மற்றதெல்லாம் அவருக்குச் சின்ன விஷயம்.

கருப்பாத்தாள் வந்து உட்கார்ந்தாள். முதல் கவளத்தைச் சின்னதாக உருட்டினாள். இரண்டாவதைப் பெரிதாகவே உருட்டினாள். ரசம் வரை வந்ததும் நிமிர்ந்து, "அம்மணி, ரசத்துல உப்பு ஒரு கை எச்சுங்க" என்றாள். எதிர் வரிசையில் நான் வாயில் வைத்திருந்த அப்பளம் உடைகிற சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது.

"சமையக்காரன் கைங்க அது" என்றார் சென்னியம்மாள், சமாதானமாக.

மகன் அவள் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். பாயசத்துக்கு அப்புறம்தான் வெளியே போனான்.

அன்று பொழுதோடேயே தோப்பிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டான்: நாளையிலிருந்து அம்மாவும் மகனும் வேலைக்கு வர வேண்டாம். அடுத்த வாரம் ஊரில் எல்லா வீட்டு அடுப்பும் ஒரே சமயத்தில் கெட்டுப்போயின. யாரும் நஞ்சப்பனைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவன் யாரைக் கூட்டி வருவானோ என்று பயம். காலனியில் அவனுக்கு அத்தைமார் மட்டுமே ஒரு பந்தி தேறும். டாக்டரும் கோச்சும் விரதமும் செய்ய முடியாத வைத்தியத்தை அந்த ஒரு இலை செய்துவிட்டது. வீதியில் அவன் நடந்தே போனான், ஓட வேண்டிய அவசியம் இல்லாமல்.

ஆனால் இனி மில் வேலை கிடைக்காவிட்டால் அவனுக்கும் ஆத்தாளுக்கும் அந்த ஊரில் வேலை இல்லை. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். காலையில் ஒரு தரம் ஓடினவன் மாலையிலும் ஓடினான். கருப்பாத்தாள் ராகிக் கூழைக் கரைத்து வைத்துக்கொண்டு அணைக்கரையில் உட்கார்ந்திருப்பாள். "இன்னொரு சுத்து" என்பாள், கூழைக் காட்டாமல்.

ஒரு நாள் மத்தியானம் சென்னியம்மாள் என் கடைக்கு வந்தார். முந்தானைக்குள் ஒரு தூக்குப்போசி இருந்தது, மூடி வழியாக நெய் வாசம் வந்தது.

"ஏனுங்க நாயக்கரே, அந்தப் பையன் இப்ப எத்தன கிலோ இருக்கறானுங்க?"

"எண்பத்திரண்டுங்க."

"இன்னும் எறங்கோணுமுங்களா?"

"இன்னும் ரெண்டுங்க."

போசியை இன்னொரு கைக்கு மாற்றினார். "அப்ப நானு வந்ததாச் சொல்லிப்போடாதீங்க" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்ததைத் திரும்பக் கொண்டுபோனார். அந்த அம்மாள் வாழ்நாளில் ஒரு சோற்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனது அன்றைக்கு மட்டுமாகத்தான் இருக்கும்.

கார்த்திகையில் கோயமுத்தூர் போனோம். மில் மைதானத்தில் நஞ்சப்பன் மாதிரி ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். எடுக்கப்போவது ஒருவனை. முதலில் எடை. டியூபைக் கழற்றிவிட்டு, ஜட்டியோடு மேடைத் தராசில் ஏறினான். முந்தின நாளிலிருந்து தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. முள் ஆடி ஆடி எண்பதைத் தாண்டி ஒரு மயிரிழை தள்ளி நின்றது.

எடை பார்க்கிற ஆபீசர், "ஓவர்" என்றார்.

"மறுக்காப் பாருங்க சார்" என்றான் நஞ்சப்பன். பிறகு அவன் செய்ததை நான் பார்த்தேன். மூச்சை விட்டான். சாதாரண மூச்சா அது? காங்கேயம் வரைக்கும் வந்த மூச்சு. நெஞ்சு முதுகோடு ஒட்டுகிற வரைக்கும், ஒரு துளி மிச்சம் இல்லாமல் விட்டான். பக்கத்து மேசையில் இருந்த காகிதம் நாலும் பறந்தன. முள் மெல்ல இறங்கி எண்பதில் வந்து நின்றது.

ஆபீசர் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார். அதில் இல்லை. மேசையில் தேடினார். நஞ்சப்பன் மூச்சே இல்லாமல் நின்றுகொண்டிருந்தான், கழுத்து நரம்பு கயிறு மாதிரி. கண்ணாடி அவர் நெற்றி மேலேயே இருந்தது. நான் சொல்லலாம், ஆனால் சொன்னால் ஊர்க்காரன் தலையிட்டான் என்பார்கள். கடைசியில் அவராகவே நெற்றியைச் சொறிந்தார்.

"எண்பது. எறங்கு."

சென்னகிருஷ்ணன் அவனைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மில் டீம் அந்தப் பக்கம் நின்றது. வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பாட வேண்டும். எனக்கு அன்றைக்கு விசில் இல்லை. கட்டைவிரலைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் ரைடில், போன வேகத்தில் கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். மின்னல் மண்ணில் கிடந்தது. இரண்டாவதில் ஒருவனைத் தொட்டு வந்தான், ஆனால் பழைய நஞ்சப்பன் இல்லை. கண்ணுக்குத் தெரிந்தான். அவன் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது அதுதான் எனக்கு முதல் தடவை. வயிறு காய்ந்து, கால் கனத்து, சாதாரண மனுஷன் மாதிரி ஓடினான். பக்கத்தில் ஒருவன், "இவனுக்கா போஸ்டர் ஒட்டினாங்க?" என்றான்.

கடைசி ரைடு. உள்ளே போய் மூலைக்காரனைத் தொட்டான். திரும்புகிற நேரம் மூன்று பேர் சங்கிலி போட்டு இடுப்பையும் காலையும் அமுக்கினார்கள். விழுந்தான். அந்தச் சத்தம் மறுபடியும் கேட்டது, பச்சை மட்டை கிழிகிற சத்தம். கோச்சும் கேட்டிருப்பார், தலை திரும்பியது. ஆனால் 'கபடி கபடி' நிற்கவில்லை. மூன்று ஆளையும் முதுகில் சுமந்துகொண்டு, கைமுட்டியை ஊன்றி ஊன்றி, மண்ணோடு மண்ணாக நகர்ந்தான். ஒரு முழம். அரை முழம். குரல் நூல் மாதிரி இளைத்துக்கொண்டே வந்தது, அறுந்துபோகவில்லை. நடுவிரல் நுனி நடுக்கோட்டுச் சுண்ணாம்பில் பட்டதும் விசில் அடித்தது. மேலே கிடந்த மூன்று பேரும், முதலில் தொடப்பட்ட மூலைக்காரனும், நாலு பேர் அவுட்.

சென்னகிருஷ்ணன் நடந்து வந்து அவனுக்கு மேலே நின்றார்.

"முட்டி எப்பிடி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க."

"எந்திரிச்சு நில்லு, பாக்கறேன்."

நஞ்சப்பன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். இரண்டு காலிலும் சமமாக நின்றான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கோச் அந்த முழங்காலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இனி நீ மின்னல் இல்ல, தெரியுதா?"

"தெரியுதுங்க."

"பிடிச்சா உடாம இழுத்துட்டு வர ஆளு எனக்கு ஒருத்தன் வேணும். நாளைக்கு ஆறு மணிக்குக் கிரவுண்டுல இரு."

"வாரனுங்க."

மில் கேட் வரைக்கும் நொண்டாமல் நடந்தான். வாட்ச்மேனுக்கு ஒரு கும்பிடு போட்டான். சுவர் திரும்பியதும் என் தோளைப் பிடித்தான். பிடித்த பிடியில் என் சட்டை கிழிந்தது.

"நாயக்கருங்க, ஒரு சேதி. பூத்துக்குப் போன் போட்டு, ஆத்தாள மூட்டையக் கட்டச் சொல்லிப்போடுங்க. ஒன்னாம் தேதி வந்து கூட்டிக்கறேன்."

"முட்டி என்னாச்சுடா?"

"அது போச்சுங்க" என்றான், பஸ் போய்விட்டது என்கிற மாதிரி. "டியூப எடுங்க, சுத்திக்கலாம்."

பெஞ்சு இல்லாததால் நடைபாதையில் உட்காரவைத்து, தொடையிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் இறுக்கிச் சுற்றினேன். மறுநாள் ஆறு மணிக்கு அவன் கிரவுண்டில் இருந்தான். அதற்கடுத்த ஏழு சீசனும் இருந்தான். மாநில அணிக்கு ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்கள், பெஞ்சில் உட்கார வைத்து அனுப்பினார்கள். போஸ்டரில் போட்டது எதுவும் நடக்கவில்லை. பாதி நாள் காலையில் அந்த முழங்கால் எழுந்திருக்க மறுத்துவிடும் என்று கருப்பாத்தாள் சொல்லுவாள். அவன் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார மாட்டானாம். அவன் பாட்டுக்குக் கிளம்பிவிடுவான், வேறு வழியில்லாமல் அது கூட வருமாம்.